கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்
தோட்டத்துச் சனங்களின் சட்ட வரலாறு – 14

லாபிஸில் ரயில் ஏறி வடக்கே போனால் தெனாங், செகாமட், பத்து ஆனாம் என்று வரிசையாக ஊர்கள் வரும். அப்புறம் கெமாஸ். ஜொகூரை ஊடறுத்துப் போட்ட தண்டவாளம் 1909-ல் முழுசாக இணைந்தது. அன்றைக்கு இந்தச் சின்னப் பயணத்துக்குள்ளேயே ஓர் அரசாங்கம் முடிந்து இன்னோர் அரசாங்கம் ஆரம்பித்துவிடும். பத்து ஆனாம் வரை சுல்தான் இப்ராஹிமின் ஜொகூர். கெமாஸ் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் சட்டம் அங்கே. இன்னும் கொஞ்ச தூரம் போய்த் தம்பினில் இறங்கினால், ஊரை ஒட்டியே மலாக்கா மண். அது நீரிணைக் குடியேற்றம், பிரிட்டிஷ் முடியின் நேரடிக் காலனி. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்ற ஓர் ஆள் பொழுது சாய்வதற்குள் மூன்று விதச் சட்டங்களுக்கு உட்பட்டவனாகிவிடலாம்.

கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வந்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அப்படி வந்தவன் சட்டத்தின் கண்ணில் யார் என்பது இந்த அத்தியாயம். சுதந்திர ஆளா, கடனாளியா, அடிமையா? பதில் அவனைப் பொறுத்து இருக்கவில்லை. அவன் எந்த மண்ணில் நிற்கிறான் என்பதைப் பொறுத்திருந்தது. இந்தக் கேள்வி மிகக் கொடூரமான வடிவத்தில் நீதிமன்றம் ஏறிய இடம் அமெரிக்கா. அங்கே போய்விட்டு வந்தால்தான் நம் கதையின் முடிச்சு பிடிபடும்.

உள்நாட்டுப் போருக்கு முந்திய அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். இல்லினாய்ஸில் அடிமை முறை கூடாது. மிசிசிப்பி ஆற்றைக் கடந்தால் மிசூரியில் கூடும். எஜமான் தன் அடிமையைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து போய், இரண்டு வருஷம் தங்கி, திரும்பி வந்தால் அந்த ஆள் இப்போது யார்? 1824-லிருந்து மிசூரி உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரே பதிலைச் சொல்லி வந்தது: சுதந்திர மண்ணில் குடியிருக்க வைத்தால் அடிமைத்தளை அறுந்தது; திரும்பி வந்தாலும் அறுந்தது அறுந்ததுதான். ரேச்சல் என்ற பெண்ணை ஒரு ராணுவ அதிகாரி வடக்கே ஃபோர்ட் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கொண்டுபோய் வேலை வாங்கினார். அவள் வழக்குப் போட்டாள். 1836-ல் அதே நீதிமன்றம் அவளை விடுவித்தது. ராணுவம் அனுப்பியதால் போனேன் என்ற சாக்குகூட எடுபடவில்லை. அதிகாரியைக் கோட்டைக்குப் போகச் சொன்னது ராணுவம். அடிமையைக் கூட்டிப் போகச் சொன்னது யார் என்று கேட்டது நீதிமன்றம்.

ரேச்சல் வழக்கு முடிந்த அதே 1836-ல் டாக்டர் ஜான் எமர்சன் என்ற ராணுவ மருத்துவர் அதே கோட்டைக்கு இன்னோர் ஆளைக் கூட்டிப் போனார். பெயர் டிரெட் ஸ்காட். அதற்கு முன்னால் இல்லினாய்ஸில் ஃபோர்ட் ஆர்ம்ஸ்ட்ராங்கிலும் அவரை வைத்திருந்தார். கோட்டையில் ஹாரியட் என்ற பெண்ணை ஸ்காட் மணந்தார். முதல் மகள் எலைசா 1838-ல் பிறந்தது மிசிசிப்பி ஆற்றில் போய்க்கொண்டிருந்த ஒரு நீராவிப் படகில், மிசூரியின் வட எல்லைக்கு மேலே, அடிமை முறை தடை செய்யப்பட்ட நீரில். இரண்டாவது மகள் லிஸ்ஸி பிறந்தது எல்லைக்குக் கீழே மிசூரி மண்ணில், ஜெஃபர்சன் பேரக்ஸ் ராணுவ முகாமில். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தி பிறக்கும்போது ஆறு சுதந்திர ஆறு. அடுத்தவள் பிறக்கும்போது நிலம் அடிமை நிலம்.

1846-ல் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் ஸ்காட்டும் ஹாரியட்டும் வழக்குப் போட்டார்கள். ரேச்சல் தீர்ப்பு அப்படியே பொருந்தியிருக்க வேண்டும். 1850-ல் கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 1852-ல் மிசூரி உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. காலம் மாறிவிட்டது, மற்ற மாநிலச் சட்டத்தை மிசூரி இனி மதிக்க வேண்டியதில்லை என்றார் தீர்ப்பெழுதிய நீதிபதி. கோட்டை அதேதான், ஆறு அதேதான், பதினாறு வருஷத்தில் மாறியது அரசியல். தலைமை நீதிபதி ஹாமில்டன் கேம்பிள் ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். பின் வழக்கு வாஷிங்டன் போனது. 1857 மார்ச் 6-ஆம் தேதி தலைமை நீதிபதி ராஜர் டேனி தீர்ப்பு வாசித்தார்: கறுப்பர் அடிமையானாலும் சுதந்திரராயினும் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது, ஆகவே வழக்குப் போடவே உரிமை கிடையாது. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அந்தப் பக்கம், இருவர் மறுபக்கம். சில வாரங்களில் பழைய எஜமான் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் ஸ்காட் குடும்பத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருஷமே ஸ்காட் இறந்துபோனார்.

எல்லா நீதிமன்றமும் இப்படி இல்லை. 1836-ல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து பாஸ்டனுக்குக் கூட்டி வரப்பட்ட மெட் என்ற ஆறு வயதுச் சிறுமியைத் தலைமை நீதிபதி லெமுவல் ஷா சுதந்திரமானவள் என்று அறிவித்தார். 1852-ல் வர்ஜீனியாவிலிருந்து டெக்ஸாஸ் போகும் வழியில் கப்பல் மாற நியூயார்க்கில் இறங்கிய எட்டு அடிமைகளை அந்த ஊர் நீதிபதி விடுவித்தார். 1860-ல் மாநிலத்தின் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒரு நாட்டுக்குள் இத்தனை முரண்பட்ட தீர்ப்புகள். முடிவு கட்டியது போர்தான்.

இனி நம் பக்கம் வருவோம். ஆற்றுக்குப் பதிலாக ஆரல்வாய்மொழிக் கணவாய். கிழக்கே திருநெல்வேலிச் சீமை, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி. மேற்கே நாஞ்சில் நாடு, திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சி. இரண்டு பக்கமும் தமிழ்தான், இரண்டு பக்கமும் நெல்வயல்தான், வயலில் இறங்கியவர்களும் ஒரே சாதிச் சனம்தான். பள்ளர், பறையர், புலையர். நிலத்தோடு சேர்த்தும் நிலமில்லாமலும் இவர்களை விற்றார்கள், அடமானம் வைத்தார்கள். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலும் இதே நிலைதான். 1819-ல் சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களைக் கேட்டபோது வந்த பதில்கள் இதை ஏட்டில் ஏற்றின.

பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1833-ல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டதைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு, கம்பெனியின் நிலங்களையும் இலங்கையையும் விலக்கி வைத்தது என்பதை நம் பள்ளிப் புத்தகம் சொல்லவில்லை. ஜமைக்காவில் விலங்கு உடைந்தபோது தஞ்சாவூரில் உடையவில்லை. பினாங்கும் சிங்கப்பூரும் மலாக்காவும் கம்பெனியின் கையில் இருந்தவைதான். அவையும் விலக்கில் சேர்ந்தன. கம்பெனியின் வெளியூர் நீதிமன்றங்களில் அடிமை வழக்கு வந்தால் இந்து தர்மசாஸ்திரத்தையும் இஸ்லாமியச் சட்டத்தையும் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்கள். வில்லியம் ஆடம் என்பவர் இதையெல்லாம் தொகுத்து, பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டமும் நீதிமன்றமும் எப்படிக் காவல் நிற்கின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். 1840-ல் அது வெளிவந்த ஊர் பாஸ்டன். மெட் விடுதலையான அதே ஊர்.

1843 ஏப்ரலில் கம்பெனி ஐந்தாம் சட்டத்தை இயற்றியது. நான்கே பிரிவு. வரி பாக்கிக்காக அடிமையை எந்த அதிகாரியும் விற்கக் கூடாது. ஒருவனை அடிமை என்று உரிமை கோரி யாரும் நீதிமன்றம் வர முடியாது. அடிமை என்ற காரணத்தால் ஒருவன் சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திர ஆளுக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றம். கவனியுங்கள்: யாரையும் விடுதலை செய்கிறேன் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. எஜமானுக்கு நீதிமன்றக் கதவைச் சாத்தியது, அவ்வளவுதான். பண்ணையார் கையில் இருந்த கடன் சீட்டு அப்படியே இருந்தது.

திருவிதாங்கூரில் அந்தக் கதவுகூடச் சாத்தப்படவில்லை. 1847-ல் மிஷனரிகள் மகாராஜாவிடம் மனுக் கொடுத்தார்கள். 1853-ல் ஓர் அறிவிப்பு அரசாங்க அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளை விடுவித்தது. 1855-ல்தான் முழு அறிவிப்பு வந்தது. ஆக 1843-லிருந்து 1855 வரை பன்னிரண்டு வருஷம் ஆரல்வாய்மொழி நம்முடைய மிசிசிப்பி ஆறு. டிரெட் ஸ்காட் மிசூரியில் வழக்காடிக்கொண்டிருந்த அதே வருஷங்கள். ஸ்காட்டுக்கு வக்கீல் கிடைத்தார், அவர் பெயர் தீர்ப்பில் நின்றது. நாஞ்சில் நாட்டு வயலிலிருந்து கணவாய் தாண்டியவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

பண்ணையில் அடிமையாக இருந்தவனின் மகன்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினான். அங்கேயும் ஒரு கோடு காத்திருந்தது. கம்பெனி நிலத்துக்கு வெளியே கூலி ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புவதை 1839-ன் பதினான்காம் சட்டம் தடுத்தது. மொரிஷியசுக்கு அனுப்பினால் குற்றம். பினாங்குக்கு அனுப்பினால் குற்றமில்லை. பினாங்கு கம்பெனியின் நிலம், சட்டப்படி வெளிநாடே அல்ல. 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் லண்டன் காலனி அலுவலகத்தின் கைக்கு மாறின. அன்றிலிருந்து அதே நாகப்பட்டினம், அதே கப்பல், அதே செபராங் பிறைக் கரும்புத் தோட்டம், ஆனால் பயணம் சட்டவிரோதம். இந்தியச் சட்டம் அனுமதித்த நாடுகளின் பட்டியலில் நீரிணைக் குடியேற்றத்தின் பெயர் இல்லை. கப்பல்கள் நிற்கவில்லை. 1870 வாக்கில்தான் அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். ஆள் கடத்தல் நடக்கிறது என்று தஞ்சை மாவட்டத்திலிருந்து புகார் போனது. 1872-ல் இந்திய அரசாங்கம் விதிவிலக்கு கொடுத்து விஷயத்தை முடித்தது. ஐந்து வருஷம் சட்டவிரோதமாக வந்து இறங்கியவர்கள் யார் கணக்கிலும் இல்லாத சனங்கள். ஆனால் அவர்கள் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் மட்டும் செல்லும் என்று தோட்டத்துரைகள் நடந்துகொண்டார்கள்.

இங்கே மலாய் மாநிலங்களில் அப்போது வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பேராக்கில் கடனடிமை முறை இருந்தது. தலைவரிடம் கடன் பட்டவன் அவர் வீட்டில் உழைப்பான். உழைப்பு கடனில் கழியாது. மனைவியும் பிள்ளைகளும் அதே கடனில் கட்டுண்டார்கள். பேராக் பிரிட்டிஷ் ஆலோசகரை ஏற்ற பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு முதல் ரெசிடென்டாக வந்த ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச், தப்பி ஓடி வந்த கடனடிமைப் பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். தலைவர்களுக்கு அது திருட்டு. வரி வசூலைப் பிடுங்கியதும் சேர்ந்துகொண்டது. 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக்கில் ஆற்றங்கரைக் குளியலறையில் பர்ச் கொல்லப்பட்டார். அதே வருஷம் ஜூலையில், தப்பி ஓடி வந்து கப்பலில் ஏறும் அடிமைகளை அந்தந்த நாட்டுக் கடலுக்குள் வந்ததும் திருப்பி ஒப்படைக்கலாம் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. இங்கிலாந்தில் பெரிய கொந்தளிப்பு எழுந்து, விசாரணைக் கமிஷன் போட வேண்டியதாயிற்று. ஒரே அரசாங்கத்தின் ஓர் அதிகாரி அடிமைக்கு அடைக்கலம் கொடுத்துச் சாகிறார். இன்னோர் அலுவலகம் அடிமையைத் திருப்பிக் கொடு என்கிறது.

பேராக்கில் பின்னர் ரெசிடென்டாக வந்த சர் ஹியூ லோ பொறுமையாக வேலை பார்த்து, 1883 டிசம்பர் கடைசி நாளோடு அடிமை முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தார். நல்ல காரியம், சந்தேகமில்லை. அடுத்த வருஷம், 1884-ல், நீரிணைக் குடியேற்றத்தில் இந்தியக் குடியேறிகளுக்கான சட்டம் திருத்தி எழுதப்பட்டது. கப்பல் கூலியும் முன்பணமும் தொழிலாளி பெயரில் ஏறும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், சிறையில் போடலாம். சம்பள ஒப்பந்தத்தை மீறுவது சஞ்சிக் கூலி என்ற இந்த ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சிவில் விவகாரம் இல்லை, கிரிமினல் குற்றம். மலாய்க் கடனாளிக்குக் கதவைத் திறந்த அதே கையால் தமிழ்க் கடனாளிக்குக் கதவைப் பூட்டினார்கள். அடிமை என்ற பெயர் எழுதப்படாததால் அதை ஒரு நீதிபதியும் அடிமை முறை என்று சொல்லவில்லை.

ஜொகூர் இந்தக் கணக்கில் தனி. இங்கே ரெசிடென்ட் இல்லை. ஜொகூர் யாருடைய மண் என்ற கேள்விக்கு ஒரு நீதிமன்றம் பதில் சொன்ன சம்பவம் உண்டு; அதுவும் லண்டனில், ஒரு திருமண விவகாரத்தில். சுல்தான் அபு பக்கார் இங்கிலாந்து போயிருந்தபோது ஆல்பர்ட் பேக்கர் என்ற பெயரில் உலாவினார். மிஸ் மைகெல் என்ற பெண், தன்னை மணப்பதாக வாக்குக் கொடுத்து ஏமாற்றினார் என்று அவர் மேல் வழக்குப் போட்டாள். நீதிமன்றம் காலனி அலுவலகத்தைக் கேட்டது: இவர் யார்? சுதந்திர நாட்டின் மன்னர் என்று கடிதம் வந்தது. 1885 ஒப்பந்தத்தில் வெளியுறவை பிரிட்டனிடம் கொடுத்துவிட்டாரே என்று வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1893-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. தீர்ப்பின்படி ஜொகூர் வேற்று நாடு. 1772-ல் லார்டு மான்ஸ்ஃபீல்டு சாமர்செட் என்ற அடிமையை விடுவித்த இங்கிலாந்துச் சட்டம் மலாக்காவில் செல்லும். கொஞ்ச தூரம் தள்ளி ஜொகூர் காட்டில் செல்லாது. இங்கே சட்டம் ஜொகூர் பாருவில்தான் எழுதப்பட வேண்டும். 1914-ல் பொது ஆலோசகர் என்ற பெயரில் பிரிட்டிஷ் அதிகாரி உள்ளே வந்த பிறகும் சட்டப் புத்தகம் ஜொகூரின் தனிப் புத்தகமாகவே இருந்தது.

ரப்பர் வந்ததும் இந்தத் தனித்தன்மை நம்மைத் தொட்டது. 1910-ல் இந்தியத் தொழிலாளருக்கு சஞ்சிக் கூலி முறை மலாயாவில் நின்றது. கங்காணி முறையில் வந்தவனுக்கு ஒரு மாத நோட்டீசு கொடுத்துவிட்டு வெளியேறும் உரிமை ஏட்டில் இருந்தது. 1922-ல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. ஆள் வேண்டுமானால் உங்கள் சட்டத்தைச் சீர் செய்யுங்கள் என்று இந்திய அரசாங்கம் கேட்கத் தொடங்கியது. கோலாலம்பூரில் அதன் ஏஜெண்ட் உட்கார்ந்தார். நீரிணைக் குடியேற்றத்தில் 1923-ல் தொழிலாளர் சட்டம். கூட்டு மலாய் மாநிலங்களில் அதே 1923-ல் தனியாக ஒன்று. ஜொகூரில் 1924-ல் இன்னொன்று. கெடாவுக்கு வேறொன்று. பெரும்பாலும் ஒரே மாதிரி வாசகங்கள்தான். ஆனாலும் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டவன் நியாயம் கேட்க வேண்டியது ஜொகூர்ச் சட்டத்தில். கெமாஸில் இருக்கும் அவன் மச்சான் கேட்க வேண்டியது வேறு சட்டத்தில்.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, அமெரிக்க அடிமையையும் நம் தோட்டத் தொழிலாளியையும் ஒன்றாக்குகிறீர்களா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. பிள்ளையைச் சந்தையில் ஏலம் போட்ட கொடுமை வேறு; மூன்று வருஷ ஒப்பந்தம் வேறு. ஆனால் தஞ்சைப் பண்ணையில் நடந்ததும் நாஞ்சில் நாட்டில் நடந்ததும் அடிமை முறையேதான்; அதற்கு வேறு பெயர் கொடுக்க எனக்கு மனமில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிசூரியில் எல்லை தாண்டித் திரும்பியவனிடமிருந்து சுதந்திரத்தைப் பிடுங்கினார்கள். நம் ஆட்கள் எத்தனை எல்லை தாண்டினாலும் கடன் அவர்கள் கூடவே வந்தது: பண்ணையாரின் சீட்டிலிருந்து கப்பல் கூலிக் கணக்குக்கு, அங்கிருந்து கங்காணியின் முன்பணத்துக்கு. சுதந்திரத்தை எல்லையில் நிறுத்தத் தெரிந்த நீதிமன்றங்களுக்குக் கடனை எல்லையில் நிறுத்த மனம் வரவில்லை. என் தீர்ப்பு இதுதான்.

ஜொகூர், கெடா, கூட்டு மலாய் மாநிலங்கள், நீரிணைக் குடியேற்றம் என்று தனித்தனியாகக் கிடந்த தொழிலாளர் சட்டங்களை ரத்து செய்து, தீபகற்பம் முழுவதற்கும் ஒரே வேலைச் சட்டமாக 1955-ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மெண்ட் ஆர்டினன்ஸ் எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 1957 ஜூன் 1-ஆம் தேதி, மெர்டேக்காவுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால்.

(தொடரும்)